கொலாஜன்: அடையாறில் அவிழ்ந்த முடிச்சும் மூட்டுக்குள் நடக்கும் சண்டையும்

முடக்குவாதம் பற்றிப் பேசிய எபிசோடுக்குப் பிறகு வந்த குரல் பதிவுகளில் பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒரே கேள்விதான். "கொலாஜன் பவுடர் சாப்பிட்டா மூட்டு சரியாகுமா?" தி. நகர்ல ஒரு மெடிக்கல் ஷாப் விடாம கல்லாவுக்குப் பக்கத்துலயே அந்த டப்பாவை அடுக்கி வெச்சிருக்காங்க. தோலுக்கு, முடிக்கு, மூட்டுக்கு, எல்லாத்துக்கும் அதுதான் மருந்துன்னு மேல எழுதியிருக்கு.

ஆமாம், இல்லைன்னு ஒரு வரியில் பதில் சொல்லிட்டுப் போகலாம். ஆனா இந்தக் கேள்வியோட பாதி பதில் நம்ம அடையாறு பக்கத்துலயே, எழுபது வருஷத்துக்கு முன்னாடி கிடைச்சது. மீதிப் பாதியை அமெரிக்காவில் சில எலிகள் சொல்லின. அதனால கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதல்ல கொலாஜன்னா என்ன? நம் உடம்பில் இருக்கிற புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். தோல், எலும்பு, தசைநாண், ரத்தக் குழாயின் சுவர், மூட்டில் எலும்பு நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பு, எல்லாத்தையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் கயிறு இது. இதில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தோலிலும் எலும்பிலும் அதிகம் இருப்பது முதல் வகை. மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை. இந்த "இரண்டாம் வகை"யை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வேணும்.

கயிறுன்னு சொன்னா அது எப்படிப் பின்னப்பட்டிருக்குன்னு கேட்கணும் இல்லையா? 1950-களின் தொடக்கத்தில் அதுதான் உலகத்துக்கே தெரியாமல் இருந்தது. லைனஸ் பாலிங் போன்ற பெரிய ஆட்களே கொலாஜனுக்கு ஒரு வடிவம் சொல்லிப் பார்த்தார்கள், பொருந்தவில்லை.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சி.வி. ராமனின் மாணவர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். துணைவேந்தர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அந்தப் பதவிக்கு ராமனைத்தான் முதலில் கேட்டார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். மாணவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. அந்த வயதில் ஒருவரை நம்பித் துறையைக் கொடுத்த துணைவேந்தரையும் கொஞ்சம் பாராட்டணும்னு எனக்குத் தோணும்.

அவர் வந்த கொஞ்ச நாளில் எக்ஸ்-கதிர் படிகவியலின் முன்னோடியான ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். பேச்சுவாக்கில், கொலாஜனுக்கு இதுவரை யாரும் சரியான வடிவம் சொல்லலைன்னு குறிப்பிட்டுட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

மத்திய கைலாஷிலிருந்து கிண்டிப் பக்கம் போகிறவர்களுக்கு சர்தார் படேல் சாலையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தெரிஞ்சிருக்கும், சி.எல்.ஆர்.ஐ. 1948-ல் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் அதுக்குப் பக்கத்துலதான். தோல் என்றாலே கொலாஜன்தானே? பதனிடுவது என்பதே கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று இறுகக் கட்டிவிடும் வேலை. ஆக, கொலாஜன் தேடுகிற இயற்பியல்காரருக்குப் பக்கத்து வீட்டிலேயே கொலாஜன் ஆட்கள். அங்கிருந்து ராமச்சந்திரனுக்கும் அவருடைய சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவுக்கும் கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். வேடிக்கையா இருந்தாலும் காரணம் இருக்கு. வால் தசைநாணில் கொலாஜன் இழைகள் எல்லாம் ஒரே திசையில் சீராக ஓடும். எக்ஸ்-கதிருக்கு அந்த ஒழுங்கு வேணும்.

ஏன் எக்ஸ்-கதிர்? நாம் கண்ணால் பார்க்கிற ஒளியின் அலைநீளம் ஓர் அணுவைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. கடப்பாரையை வைத்துக்கொண்டு ஊசிக் காதைத் துழாவுகிற மாதிரி. எக்ஸ்-கதிரின் அலைநீளமோ அணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளி அளவுக்கே சிறியது. அதை ஓர் ஒழுங்கான பொருள் மேல் விட்டால் அணுக்களில் பட்டுச் சிதறி, படச்சுருளில் புள்ளிகளாகவும் பட்டைகளாகவும் விழும். அது புகைப்படம் இல்லை, கோலப்புள்ளிகள் மட்டும்தான். எந்தக் கோலத்துக்கு இந்தப் புள்ளின்னு நாம்தான் கண்டுபிடிக்கணும்.

ராமச்சந்திரனுக்குக் கிடைத்த நல்ல துப்பு ஒன்று வேதியியலிலிருந்து வந்தது. கொலாஜனில் இருக்கும் அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே ரொம்பச் சின்னது அது, பக்கவாட்டில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றில் ஒன்றுன்னா அது தற்செயலா இருக்காது. மூன்று சங்கிலிகள் நெருக்கமாக ஓடினால் நடுவில் இடமே இருக்காது. அந்த நடு இடத்துக்கு ஒவ்வொரு மூன்றாவது வளையமும் கிளைசினாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். 1954 ஆகஸ்டில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் இந்த மூன்று சங்கிலி வடிவத்தை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் நேராக நிற்பதில்லை, ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு போகின்றன என்றார்கள். வீட்டுல அம்மா போட்டுவிடுவாங்களே, மூணு கால் பின்னல், கிட்டத்தட்ட அப்படி. நான் இதை இனிமே முப்புரின்னே சொல்றேன்.

அதே 1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் மறுப்பு எழுதினார்கள். மூன்று சங்கிலி சரி, சுற்றுவதும் சரி, ஆனா உங்க மாடலில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்குதே, இது நடக்காது என்றார்கள். கிரிக் யாரு? இரண்டு வருஷம் முன்னால் டி.என்.ஏ. வடிவத்தைச் சொன்னவர். அவர் சொன்னா உலகம் கேட்கும்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுக்கு அடுத்ததுதான். ராமச்சந்திரன் வாதாடிக்கொண்டு மட்டும் உட்காரலை. "அளவுக்கு மீறி நெருங்குதுன்னு சொல்றீங்களே, அந்த அளவு என்ன? யார் அளந்தது?" இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதுவரை உலகம் முழுக்க வெளியான படிக வடிவங்களை எல்லாம் தோண்டி, நிஜத்தில் இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டே வருகின்றன என்று பட்டியல் போட்டார்கள். பலரும் நினைத்ததை விடக் கிட்டேயே வருகின்றன என்று தெரிந்தது. பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுவோடு அணு இடிக்கும் என்று கணக்குப் போட்டு ஒரு வரைபடமாக்கினார்கள். 1963-ல் வந்த அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கு உலகத்தில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள்.

நியாயமாச் சொல்லணும்னா, சண்டையில் கிரிக் பக்கமும் சரக்கு இருந்தது. முப்புரியை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று கண்ணிக்கு இரண்டு என்றார் ராமச்சந்திரன், ஒன்று என்றார்கள் அவர்கள். நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று பின்னால் உறுதியாச்சு. ஆனா தண்ணீர் மூலக்கூறுகள் நடுவில் நின்று கூடுதலாக இணைக்கின்றன என்று 1968-ல் ராமச்சந்திரன் குழு சொன்னது. 1994-ல் வேறொரு குழு ஒரு சின்ன முப்புரியைப் படிகமாக்கிப் பார்த்தபோது, சுற்றிலும் தண்ணீர் வலை பின்னியிருந்தது. அவருக்கு நோபல் தரலையேன்னு நாம புலம்புவதற்குப் பதிலா, இந்த நாற்பது வருஷ வாக்குவாதத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தா நல்லா இருக்கும். சி.எல்.ஆர்.ஐ.யில் இன்றைக்கும் ஓர் அரங்கத்துக்கு அந்த முப்புரியின் பெயர்தான், டிரிப்பிள் ஹெலிக்ஸ்.

இங்கே ஒரு சின்ன விலகல். அன்றைக்கு அந்தத் தசைநாணை மணிக்கணக்கில் எக்ஸ்-கதிரில் காட்ட வேண்டியிருந்தது. அதில் ஒரு தொல்லை உண்டு, பார்க்கிற கதிரே பார்க்கப்படும் பொருளைச் சிதைக்கும். இன்றைக்கு இதற்கு மாற்றாக ஒரு வழி வந்திருக்கு. 2009-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய எக்ஸ்-கதிர் லேசர், பிறகு ஜப்பானில், 2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் பக்கத்தில் 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்று. இவற்றின் துடிப்பு சில பத்து ஃபெம்டோசெகண்டுதான் நீடிக்கும். ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி பத்துக் கோடியால் வகுத்தால் ஒரு ஃபெம்டோசெகண்ட். ஒளி ஒரு தலைமுடியின் அகலத்தைக் கடக்கவே இருநூறு ஃபெம்டோசெகண்ட் அளவுக்கு ஆகும்! அந்தத் துடிப்பு பட்டால் படிகம் வெடித்துச் சிதறிவிடும். ஆனா சிதறத் தொடங்கும் முன்பே கதிர் அதைக் கடந்து, புள்ளிகளைப் பதிந்துவிட்டுப் போயிருக்கும். 2011-ல் ஹென்றி சாப்மன் தலைமையிலான பெரிய குழு ஒளிச்சேர்க்கைப் புரதம் ஒன்றின் மிக நுண்ணிய படிகங்களை வைத்து இதைச் செய்து காட்டியது. இப்போது புரதங்கள் அசைவதையே படம் படமாக எடுக்கிறார்கள். கோலம் போட்டு முடித்த பிறகு பார்ப்பதற்கும், கை ஓடும்போதே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கலாம்.

சரி, மூட்டுக்கு வருவோம்.

முடக்குவாதம் வேற, மூட்டுத் தேய்மானம் வேற. வயசானா முழங்கால் தேயுறது இரண்டாவது. முடக்குவாதம் என்பது நம்முடைய நோய் எதிர்ப்பு அமைப்பே நம் மூட்டின் உள்ளுறையைத் தாக்குவது. நூறு பேரில் ஒருவருக்கோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோ வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மயிலாப்பூரில் இருக்கும் என் சித்திக்கு இது இருக்கு. காலையில் எழுந்தா டபரா டம்ளரைப் பிடிக்க விரல் மடங்காது, ஒரு மணி நேரம் ஆகும். குளத்துப் பக்கம் நடந்து போய்க் காய் வாங்கிட்டு வருவாங்க, அதே பையோட கைப்பிடியை விரலால பிடிக்க முடியாம முழங்கையில மாட்டிக்கிட்டு வருவாங்க. "வயசாச்சுடா, எல்லாருக்கும் வர்றதுதானே" என்று இரண்டு வருஷம் ஓட்டினாங்க. அந்த இரண்டு வருஷத்துல இரண்டு விரல் கோணிப்போச்சு.

உடம்பு தன் மூட்டையே ஏன் தாக்குது? 1977-ல் அமெரிக்காவில் டிரென்தம், டவுன்ஸ், காங் மூவரும் எலிகளுக்கு இரண்டாம் வகைக் கொலாஜனை, அதாவது குருத்தெலும்புக் கொலாஜனை, எண்ணெயோடு கலந்து தோலுக்குள் ஊசி போட்டார்கள். ஏறக்குறைய நாற்பது சதவீத எலிகளுக்கு மூட்டு வீங்கியது. பார்க்க மனிதர்களின் முடக்குவாதம் மாதிரியே இருந்தது. தோலில் இருக்கும் முதல் வகையைப் போட்டுப் பார்த்தார்கள், ஒண்ணும் ஆகலை. பிறகு அதே இரண்டாம் வகையின் சங்கிலிகளைத் தனித்தனியாப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். அப்பவும் ஒண்ணும் ஆகலை!

கவனிங்க, அமினோ அமிலம் அதேதான், வரிசையும் அதேதான். ஆனா பின்னல் அவிழ்ந்தால் நோய் வரலை. அடையாறு பக்கத்தில் கங்காரு வாலில் கண்டுபிடித்த அந்த முப்புரி வடிவம் வெறும் படிகவியல் விவரம் இல்லைன்னு இங்கேதான் தெரியுது. எலியின் ஆன்டிபாடிகளில் நோயை உண்டாக்குபவை முழுப் பின்னலின் மேற்பரப்பைத்தான் அடையாளம் கண்டு ஒட்டுகின்றன. அவிழ்ந்த இழையைப் பார்த்துப் பழகிய ஆன்டிபாடிக்கு, மூட்டில் பின்னலாக இருக்கும் கொலாஜனை அடையாளம் தெரியாது. டி-செல்கள் மட்டும் வேறு மாதிரி. அவற்றுக்குக் கொலாஜனைத் துண்டு துண்டாக நறுக்கி, இன்னொரு செல் தன் மேல் இருக்கும் தட்டில் வைத்துக் காட்டணும். முடக்குவாதம் உள்ள பலரிடம் அந்தத் தட்டு ஒரு குறிப்பிட்ட ரகமா இருக்கும், டி.ஆர்.4 என்று பெயர். 1997-ல் அந்தத் தட்டில் கொலாஜன் துண்டு உட்கார்ந்திருப்பதையே எக்ஸ்-கதிரால் பார்த்துவிட்டார்கள்.

எலியில் தெரிந்ததை அப்படியே மனுஷனுக்கு ஒட்டக் கூடாது. நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம்தான் கொலாஜனுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கு. பெரும்பாலோரிடம் இருப்பது, சிட்ருலின் என்று மாறிப்போன புரதங்களுக்கு எதிரானது. ரத்தப் பரிசோதனையில் ஆன்டி-சி.சி.பி. என்று எழுதித் தருவார்களே, அதுதான். மூட்டு வலிக்கும் பல வருஷம் முன்பே அது ரத்தத்தில் வந்துவிடலாம். புகைபிடிப்பது அந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

ஆனா அந்த எலிகள் வீண்போகலை. 1992-ல் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி குழு, கொலாஜனால் மூட்டு வீங்கிய சுண்டெலிகளுக்கு டி.என்.எஃப். என்ற ஒரு சமிக்ஞைப் புரதத்தை அடைத்துவிடும் மருந்தைக் கொடுத்தது. வீக்கம் குறைந்தது. அதே வருஷம் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று ஊசியாகப் போடப்படும் இன்ஃபிலிக்சிமாப், அடாலிமுமாப் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இப்ப பவுடர். டப்பாவில் இருப்பது பெரும்பாலும் மாட்டுத் தோல், மீன் தோல் போன்றவற்றிலிருந்து எடுத்து, முப்புரியை அவிழ்த்து, துண்டு துண்டாக வெட்டிய கொலாஜன். மயிலாப்பூர் நேயர்கள் லேபிளைப் பார்த்துக்கோங்க, அது சைவம் இல்லை. ஆட்டுக்கால் பாயாவில் வழவழன்னு வர்றதும் அவிழ்ந்த கொலாஜன்தான், அதுவாவது ருசியா இருக்கும். எதைச் சாப்பிட்டாலும் வயிறும் குடலும் அதை இன்னும் உடைத்து அமினோ அமிலங்களாகவும் சின்னத் துணுக்குகளாகவும் ஆக்கிவிடும். அண்ணா நகர்ல ஒரு வீட்டை இடிச்சு செங்கல்லை லாரியில கொண்டுவந்து உங்க வாசல்ல கொட்டினா, சமையலறைச் சுவர் தானா எழும்பாது. தேய்மானத்துக்கு வலி கொஞ்சம் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல, தயாரிப்பவர்களே பணம் கொடுத்து நடத்தியவை.

முடக்குவாதத்துக்கு இதை வேற கோணத்தில் முயன்றும் பார்த்தார்கள், அது புத்திசாலித்தனமான யோசனை. நாம் சாப்பிடும் பொருளை எதிரின்னு நினைக்காதே என்று குடல், நோய் எதிர்ப்பு அமைப்புக்குப் பழக்கிக் கொடுக்கும். அப்போ கொலாஜனையே துளியூண்டு ஊட்டினால் சண்டை நிற்குமா? அதே டிரென்தம் 1993-ல் அறுபது நோயாளிகளுக்குக் கோழியின் இரண்டாம் வகைக் கொலாஜனை வைத்து மூன்று மாதம் ஆய்வு நடத்தினார். வீக்கம் குறைந்தது, நாலு பேருக்கு நோய் முற்றிலும் அடங்கியது. உலகமே பரபரப்பானது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாக மறுபடி வரலை. அதனால் இன்று முடக்குவாத சிகிச்சையில் அதற்கு இடமில்லை. ஆக, பவுடர் முடக்குவாதத்தைக் குணமாக்காது. சாப்பிட்டால் உடனே ஆபத்தும் இல்லை. ஆனா பவுடரை நம்பி ஆறு மாசம் டாக்டரிடம் போகாமல் இருந்தால், அந்த ஆறு மாசம்தான் இழப்பு.

ஏன்னா இந்த நோயில் முதல் சில மாதங்கள் பொன்னானவை. இரண்டு கைகளிலும் சின்னச் சின்ன மூட்டுகள் வீங்கி, காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்து, அது ஆறு வாரமாகத் தொடர்ந்தால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்க. தேய்மானத்தில் விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும், நடக்க நடக்கத்தான் வலி கூடும். கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்காது. ஸ்டீராய்டை நீங்களே வாங்கிப் போட்டுக்கறது அதைவிட மோசம்.

பெரும்பாலோருக்கு முதலில் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். விலை குறைவு, பலன் நிறைய. கர்ப்பமாக இருப்பவர்கள், ஆகத் திட்டமிடுபவர்கள் எடுக்கவே கூடாது, டாக்டரிடம் முன்பே சொல்லணும். ஊசி மருந்துகள் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். டி.என்.எஃப்.-ஐ அடைத்தால் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி எழுந்துவிடும், நம்ம ஊர்ல அது பலருக்குள்ளும் தூங்கிட்டுத்தான் இருக்கு.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றி இன்னும் ஒண்ணு, இதை வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவங்க கேட்கணும். அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. சித்தி வீட்டில் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வெச்சிருக்கோம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை எந்தக் கிழமைன்னும், ரத்தப் பரிசோதனை எத்தனை வாரத்துக்கு ஒருமுறைன்னும் உங்க டாக்டர் எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டை மருந்து டப்பாவுக்குள்ளயே வெச்சுக்கோங்க.